விலக்குத்தொகையும் இடைவெளிக் காப்பீடும்: பணியாளர் மருத்துவக் காப்பீட்டின் வரலாறு

மருத்துவக் காப்பீட்டில், ஒரு குறிப்பிட்ட தொகை வரையிலான செலவைக் காப்பீடு பெற்றவரே ஏற்க வேண்டும், அதற்கு மேற்பட்டதையே நிறுவனம் கொடுக்கும் என்ற விதி உண்டு. முகவர்கள் 'டிடக்டிபிள்' என்று சொல்லும் இந்தத் தொகையை இக்கட்டுரை விலக்குத்தொகை என்று குறிக்கிறது. பணியாளருக்கு அவரது நிறுவனம் தரும் காப்பீட்டுக்கும் மருத்துவமனை கேட்கும் தொகைக்கும் நடுவே விழும் பள்ளத்தை நிரப்ப, தனியாக வாங்கப்படும் மற்றொரு காப்பீடு இடைவெளிக் காப்பீடு எனப்படும். இந்தியாவில் இது 'டாப்-அப்', 'சூப்பர் டாப்-அப்' என்ற பெயர்களில் விற்கப்படுகிறது.

அமெரிக்காவில் இடைவெளி கீழே இருக்கிறது. நிறுவனம் தரும் காப்பீடு பெரியது, ஆனால் முதல் சில ஆயிரம் டாலர்களைப் பணியாளரே கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இடைவெளி மேலே இருக்கிறது. நிறுவனம் தரும் காப்பீடு முதல் ரூபாயிலிருந்தே தொடங்கும், ஆனால் சில லட்சங்களில் முடிந்துவிடும். இந்த வேறுபாட்டை அறியாமல் எடுக்கப்படும் காப்பீடு தேவைப்படும் நாளில் கை கொடுக்காது. இரண்டும் எவ்வாறு உருவாயின என்பதைக் கடலூர் மாவட்டத்தின் பரங்கிப்பேட்டையை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

கப்பல் சரக்கிலிருந்து வந்த வழக்கம்

விலக்குத்தொகை மருத்துவத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. அதன் மூலம் கடல் வணிகத்தில் உள்ளது. கப்பலில் ஏற்றிய தானியம் சிறிது நனைவதும், மீன் சிறிது கெடுவதும் ஒவ்வொரு பயணத்திலும் நடப்பவை. இச்சிறு சேதங்களுக்கெல்லாம் ஈடு கொடுத்தால் கட்டுபடியாகாது என்று லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டாளர்கள் கருதினர். 1749இல் அவர்களது கப்பல் காப்பீட்டுப் பத்திரத்தில் ஒரு குறிப்பு சேர்க்கப்பட்டது. தானியம், மீன், உப்பு, பழம், மாவு, விதை ஆகியவற்றின் பகுதிச் சேதத்துக்குப் பொதுவாக ஈடு இல்லை. சர்க்கரை, புகையிலை, சணல், தோல் போன்றவற்றுக்கு 5 விழுக்காட்டுக்கும், ஏனைய சரக்குகளுக்கு 3 விழுக்காட்டுக்கும் குறைந்த சேதத்துக்கு ஈடு இல்லை.

அந்த விதிக்கும் இன்றைய விலக்குத்தொகைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய கப்பல் விதியில் சேதம் எல்லையைத் தாண்டிவிட்டால் முழுச் சேதத்துக்கும் ஈடு கிடைத்தது. இன்றைய விலக்குத்தொகையில் எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே ஈடு கிடைக்கும். எனினும் அடிப்படை எண்ணம் ஒன்றே: சிறு இழப்பைத் தானே தாங்கிக்கொள், பெரிய இழப்புக்கு மட்டும் எங்களிடம் வா.

துறைமுகமும் இரும்பாலையும்

வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பரங்கிப்பேட்டை, கடல் வணிகத்தின் இலாப நட்டங்களை நன்கு அறிந்த ஊர். போர்த்துக்கீசியர் இதைப் போர்ட்டோ நோவோ என்றனர். முகமது பந்தர் என்ற பெயரும் வழங்கியது. போர்த்துக்கீசியரைத் தொடர்ந்து டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரும் இங்கு வணிகம் செய்தனர். இவ்வூரின் முஸ்லிம் வணிகர்கள் துணி ஏற்றிக்கொண்டு மலாக்கா, கெடா, ஆச்சே முதலிய துறைகளுக்குச் சென்றனர். ஒரே கப்பலில் எல்லாச் சரக்கையும் ஏற்றாமல் பல கப்பல்களில் பிரித்து ஏற்றுவது ஆசியக் கடல் வணிகர்களின் வழக்கம். இழப்பைப் பலர் மீது பரப்புவதே காப்பீட்டின் தத்துவம் என்றால், அதன் எளிய வடிவம் இதுவே.

பொருளுக்கு இருந்த இந்தக் காப்பு உழைப்பவரின் உடலுக்கு இல்லை. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். அக்காலத்தில் உலையருகே காயம்பட்ட தொழிலாளிக்கு முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல்தான் இயற்றப்பட்டது. அதுவும் வேலையின்போது நேரும் விபத்துக்கும் தொழில்சார் நோய்களுக்கும் உரியது. காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ அதில் இடமில்லை.

இ.எஸ்.ஐ: முதல் ரூபாயிலிருந்து காப்பு

தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான திட்டத்தைப் பேராசிரியர் பி. பி. அடார்க்கர் 1944இல் அரசிடம் அளித்தார். அதன் அடிப்படையில் 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் இத்திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955இல் கோயம்புத்தூரில் தொடங்கியது.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் விலக்குத்தொகை கிடையாது. தொழிலாளி ஊதியத்தில் ஒரு பங்கையும் நிறுவனம் ஒரு பங்கையும் கட்டுகின்றன. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. இதற்கு ஈடாகத் தொழிலாளிக்கும் குடும்பத்தினருக்கும் சிகிச்சை கிடைக்கிறது. நோயுற்ற நாள்களுக்கு ஊதியத்தின் ஒரு பகுதியும் கிடைக்கிறது.

இத்திட்டத்தின் இடைவெளி ஊதிய உச்சவரம்பில் உள்ளது. 2017 ஜனவரி முதல் மாதம் ரூ. 21,000 வரை ஊதியம் பெறுவோரே இதில் அடங்குவர். ஊதியம் இதைத் தாண்டினால், நடப்பு ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் தொழிலாளி திட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும். கடலூர் சிப்காட் வளாகத்து ஆலையிலோ சிதம்பரத்துக் கடையிலோ வேலை செய்பவருக்குச் சில நூறு ரூபாய் ஊதிய உயர்வு வந்து, அதனாலேயே குடும்பத்தின் மருத்துவக் காப்பு போய்விடுவதும் உண்டு. அந்த இடத்தை நிறுவனத்தின் குழுக் காப்பீடு நிரப்ப வேண்டும், இல்லையேல் அவரே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பெரிய பொதுத்துறை நிறுவனங்கள் வேறு வழியில் சென்றன. 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தன் பணியாளருக்கெனச் சொந்த மருத்துவமனையை நடத்துகிறது.

அமெரிக்கா: கீழே தோன்றிய இடைவெளி

அமெரிக்கப் பணியாளர் காப்பீடு பள்ளி ஆசிரியர்களிடமிருந்து தொடங்கியது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1929இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் பேய்லர் மருத்துவமனை, அந்நகர ஆசிரியர்களுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. மாதம் 50 சென்ட் கட்டும் ஆசிரியருக்கு 21 நாள் வரை மருத்துவமனைச் சிகிச்சை வழங்கப்பட்டது. பின்னர் புளூ கிராஸ் என்று நாடெங்கும் பரவியது இம்முறையே.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஊதிய உயர்வைக் கட்டுப்படுத்தியது. ஆள் பிடிக்க முடியாத நிறுவனங்கள் ஊதியத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீட்டைக் கொடுத்தன. அதற்கு வரிச் சலுகையும் கிடைத்ததால் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. 1950களில் பெருஞ்செலவுகளுக்கான காப்பீடுகள் பரவியபோது, கப்பல் காலத்து எண்ணம் விலக்குத்தொகையாக மருத்துவத்துக்குள் நுழைந்தது.

இதன் விளைவை அறிய ரேண்ட் நிறுவனம் 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் ஒரு பெரும் ஆய்வு நடத்தியது. செலவில் பங்கு கட்ட வேண்டியவர்கள் மருத்துவரிடம் செல்வதைக் குறைத்துக்கொண்டனர். ஆனால் தேவையற்ற சிகிச்சையோடு தேவையான சிகிச்சையையும் அவர்கள் ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்தனர். உயர் இரத்த அழுத்தம் உள்ள ஏழைகளுக்கு இலவச சிகிச்சை நல்ல பயன் தந்ததும் அதில் தெரியவந்தது.

2003இல் வந்த சட்டம், விலக்குத்தொகை உயர்ந்த காப்பீட்டோடு வரிச்சலுகையுள்ள சேமிப்புக் கணக்கையும் இணைத்தது. அந்தக் கணக்குக்குத் தகுதி பெற, 2025இல் தனிநபரின் விலக்குத்தொகை குறைந்தது 1,650 டாலர், குடும்பத்துக்கு 3,300 டாலர் இருக்க வேண்டும். இந்த முதல் பகுதியைக் கட்டக் கையில் பணமில்லாதவருக்காக வந்ததே அங்கு இடைவெளிக் காப்பீடு. விபத்து, குறிப்பிட்ட நோய், மருத்துவமனையில் தங்கும் நாள் ஆகியவற்றுக்கு நிலையான தொகை தரும் பத்திரங்கள் இவ்வகையின. ஆனால் விலக்குத்தொகைக்குள் வரும் மருத்துவச் செலவைப் பொதுவாகவே திருப்பித் தரும் காப்பீட்டை ஒருவர் வைத்திருந்தால், சேமிப்புக் கணக்கில் பணம் போடும் தகுதியை இழப்பார். அமெரிக்காவில் பணிபுரியும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய விதி இது.

மெடிகிளைம் முதல் குழுக் காப்பீடு வரை

இந்தியாவில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 1973இல் நாட்டுடைமையாயின. நான்கு அரசு நிறுவனங்களுள் ஒன்றான யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 1986இல் இந்நிறுவனங்கள் மெடிகிளைம் என்ற மருத்துவமனைச் செலவுக் காப்பீட்டைக் கொண்டுவந்தன. 1999இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்தது. அதன்பின் தனியார் நிறுவனங்கள் நுழைந்தன. மருத்துவக் காப்பீட்டை மட்டும் செய்யும் இந்தியாவின் முதல் தனியார் நிறுவனமான ஸ்டார் ஹெல்த் 2006இல் சென்னையில் தொடங்கியது.

நிறுவனங்கள் தம் பணியாளர் அனைவரையும் சேர்த்து எடுக்கும் குழுக் காப்பீடு இக்காலத்தில் வளர்ந்தது. பெரும்பாலான குழுக் காப்பீடுகளில் சேருவதற்கு முன்பே இருந்த நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. இது அதன் பெரிய சிறப்பு. தொகை சிறியது என்பது அதன் குறை. வேலையை விட்டால் காப்பும் போகும் என்பது அதைவிடப் பெரிய குறை. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்குக்குப் பின் தொழிற்சாலைகள் திறப்பதற்கான நெறிமுறைகளில் தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்று மத்திய உள்துறை அறிவித்தபோது, குழுக் காப்பீட்டின் தேவை சிறு நிறுவனங்களுக்கும் தெரிந்தது.

அரசு ஊழியரும் குடும்ப அட்டைதாரரும்

தமிழ்நாட்டின் பெரிய பணியாளர் காப்பீடுகளுள் ஒன்று அரசு ஊழியர், ஆசிரியர்களுக்கானது. புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2008இல் தொடங்கியபோது, ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ரூ. 2 லட்சம் வரை காப்பு இருந்தது. 2012இல் இது ரூ. 4 லட்சமாயிற்று. 2021 ஜூலையில் ரூ. 5 லட்சமாகவும், குறிப்பிட்ட கடும் நோய்களுக்கு ரூ. 10 லட்சமாகவும் உயர்ந்தது. மாதப் பிடித்தம் ரூ. 300 ஆயிற்று. ஓய்வூதியர்களுக்கான தனித் திட்டம் 2014இல் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, இத்தொகை ஆண்டுக்கானதன்று, நான்கு ஆண்டுக் காலத்துக்கு உரியது. ஒரு ஆசிரியர் முதல் ஆண்டிலேயே இதய அறுவை சிகிச்சைக்குப் பெரும்பகுதியைச் செலவிட்டால், மீதமுள்ள மூன்று ஆண்டுகளை எஞ்சிய தொகையோடு கடக்க வேண்டும்.

பரங்கிப்பேட்டை மீனவருக்கோ முட்லூர் விவசாயக் கூலிக்கோ முதலாளி என்று ஒருவர் இல்லை. அவர்களுக்கு 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபின் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு ரூ. 5 லட்சம் வரை காப்பு உண்டு. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு நோயாளி எதுவும் கட்டத் தேவையில்லை. ஆண்டு வருமான வரம்பு இதன் எல்லை. இ.எஸ்.ஐ. வரம்பையும் இந்த வருமான வரம்பையும் சற்றே தாண்டியவர், அரசு ஊழியராகவும் இல்லாதவர், இரண்டுக்கும் நடுவே நிற்கிறார். இடைவெளிக் காப்பீடு அதிகம் தேவைப்படுவது இவருக்கே.

டாப்-அப், சூப்பர் டாப-அப்: ஒரு கணக்கு

மேலே உள்ள இடைவெளியை நிரப்ப வந்தவை டாப்-அப் பத்திரங்கள். இவற்றில் விலக்குத்தொகை உண்டு. ஆனால் அந்தத் தொகையைப் பணியாளர் தம் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. நிறுவனத்தின் காப்பீடு அதைக் கட்டினாலும் போதும். சிறு செலவுகள் வராது என்பதால் பிரீமியமும் குறைவு.

எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு நிறுவனம் ரூ. 3 லட்சம் காப்பு தருகிறது. அவர் ரூ. 3 லட்சம் விலக்குத்தொகையோடு ரூ. 10 லட்சத்துக்கு மேலும் ஒரு பத்திரம் எடுக்கிறார். ஒரே சிகிச்சைக்கு ரூ. 4.5 லட்சம் ஆனால், நிறுவனக் காப்பீடு ரூ. 3 லட்சமும், இந்தப் பத்திரம் ரூ. 1.5 லட்சமும் கொடுக்கும்.

அதே செலவு இரண்டு முறையாக வந்தால் கணக்கு மாறும். ஜூனில் ரூ. 2 லட்சம், டிசம்பரில் ரூ. 2.5 லட்சம் என்று கொள்வோம். நிறுவனக் காப்பீடு முதலில் ரூ. 2 லட்சமும் பிறகு எஞ்சிய ரூ. 1 லட்சமும் கொடுத்து முடிந்துவிடும். மீதி ரூ. 1.5 லட்சம். சாதாரண டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியே பார்க்கும். எந்த பில்லும் ரூ. 3 லட்சத்தைத் தாண்டவில்லை என்பதால் எதுவும் தராது. சூப்பர் டாப்-அப் ஓராண்டின் பில்களைக் கூட்டிப் பார்க்கும். ரூ. 4.5 லட்சம் என்பது எல்லையைத் தாண்டியதால் ரூ. 1.5 லட்சத்தைக் கொடுக்கும். டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை போன்று திரும்பத் திரும்ப மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நோய்களில் இந்த ஒரு சொல்லின் வேறுபாடு பெரிது.

டாப்-அப் நிரப்பாத பள்ளங்கள்

எல்லா இடைவெளியும் விலக்குத்தொகையால் வருவதில்லை. சில பத்திரங்களில் ஒவ்வொரு பில்லிலும் ஒரு விழுக்காட்டை நோயாளி கட்ட வேண்டும். இது இணைக்கட்டணம். 2020இல் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று ஆணையம் வகுத்த ஆரோக்கிய சஞ்சீவனி பத்திரத்திலும் 5 விழுக்காடு இணைக்கட்டணம் இருந்தது.

அறை வாடகை வரம்பு மற்றொன்று. நாளொன்றுக்கு ரூ. 5,000 என்று வரம்பிருக்க, ரூ. 10,000 அறையில் தங்கினால் வாடகை வேறுபாடு மட்டும் வெட்டப்படாது. மருத்துவர் கட்டணம், அறுவைக் கூடக் கட்டணம் முதலியவையும் அதே விகிதத்தில் பாதியாகக் குறைக்கப்படலாம். மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றை இவ்வாறு குறைக்கக்கூடாது என்பது ஆணையத்தின் விதி. கையுறை போன்ற பொருள்களுக்குப் பல பத்திரங்களில் காப்பு இல்லை. ரூ. 3 லட்சத்துக்குட்பட்ட பில்லில் இப்படி வெட்டப்பட்ட தொகையை அதே விலக்குத்தொகை கொண்ட சூப்பர் டாப்-அப் கொடுக்காது.

மிகப் பெரிய பள்ளம் வேலை இழப்பில் உள்ளது. வேலை போனதும் கீழே உள்ள ரூ. 3 லட்சம் காப்பு மறையும். மேலே உள்ள பத்திரம் தொடரும், ஆனால் அதன் விலக்குத்தொகை அப்படியே நிற்கும். அதுவரை நிறுவனம் நிரப்பிவந்த அந்த முதல் மூன்று லட்சத்தை இனி அவரே நிரப்ப வேண்டும். மாடி இருக்கும், படிக்கட்டு இருக்காது. இதற்காகவே, வேலையிலிருக்கும்போதே சிறு தொகைக்கேனும் சொந்தமாக ஓர் அடிப்படைக் காப்பீடு எடுப்பதும், வேலையை விடும்போது குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டுக்கு மாறும் வசதியைக் கேட்டுப் பெறுவதும் பயன் தரும். முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024இல் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. எனவே ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரேனும் இதைத் தொடங்குவது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுள்ளது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு ரூ. 120 கட்டித் தாமும் துணைவரும் சிகிச்சை பெறலாம்.

சிங்கப்பூர் தரும் பாடம்

ஒரு காலத்தில் பரங்கிப்பேட்டைக் கப்பல்கள் சென்ற மலாயாக் கடற்பரப்பில், இன்று தமிழர் பலர் வாழும் சிங்கப்பூர் இதே சிக்கலை வேறு விதமாகச் சந்தித்தது. அங்கு 1990இல் மெடிஷீல்டு என்ற தேசியக் காப்பீடு விலக்குத்தொகையோடு தொடங்கியது. அதன்மேல் தனியார் பத்திரங்கள் வந்தன. பிறகு விலக்குத்தொகையையும் இணைக்கட்டணத்தையும் முழுதாகக் கட்டிவிடும் துணைப் பத்திரங்களும் வந்தன. நோயாளி ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டியதில்லை என்ற நிலையில் சிகிச்சைச் செலவும் பிரீமியமும் ஏறின. 2018இல் அரசு, புதிய துணைப் பத்திரங்களில் குறைந்தது 5 விழுக்காட்டை நோயாளி கட்ட வேண்டும் என்றது. 2025 நவம்பரில், புதிதாக விற்கப்படும் துணைப் பத்திரங்கள் குறைந்தபட்ச விலக்குத்தொகையைக் கட்டக்கூடாது என்றும் அறிவித்தது. பள்ளத்தை முழுவதுமாக மூடினால் செலவு ஏறுகிறது, மூடாவிட்டால் ஏழை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார் என்ற இரு உண்மைகளுக்கும் நடுவே ஒவ்வொரு நாடும் ஓர் அளவைத் தேடிவருகிறது.

தனிக் குடும்பத்துக்கு இந்த வரலாறு தரும் பயன் எளியது. நிறுவனக் காப்பீட்டு அட்டையில் உள்ள தொகை ஆண்டுக்கா, நான்கு ஆண்டுக்கா, அறை வாடகை வரம்பு என்ன, இணைக்கட்டணம் உண்டா, வேலை முடியும் நாளில் எது எஞ்சும் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் இடைவெளி எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதன் பின்னரே அதை நிரப்பும் பத்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.